நிறுத்தி வைத்த வருசம்

ஒரு பையனின் வாழ்க்கையில் ஒரு முழு வருடத்தை நான் வீணாக்கினேன். அவன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நெடுநாள் ஊருக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயருக்காகச் செய்தேன். அதற்காக அவன் வீட்டில் ஒரு பொய் சொன்னேன், பொய் வெளுத்தபோது அதை மூட இன்னொரு பொய் சொன்னேன். அந்த இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளியின் பெயர் வேண்டாம். தப்பு பள்ளியுடையது அல்ல.

இந்தச் சீமையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை நெசவும் நூற்பாலையுமாகப் பிழைக்கிற ஊர். அங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி என்று கிழக்கே போகப்போகக் கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமும்தான். வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி என்றால் ரமண மகரிஷி பிறந்த ஊர். எங்களுக்கு அது குண்டாறு ஓடுகிற ஊர், அதாவது மணலாகக் கிடக்கிற ஊர். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், குதிரைவாலி. பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வேண்டும்.

கிராமத்துப் பையன்களின் ஆட்டம் கபடியும் வாலிபாலும்தான். இரண்டு கம்பு நட்டு வலை கட்டினால் வாலிபால் மைதானம் தயார். பாஸ்கெட்பாலுக்குச் சிமெண்டுத் தளம் வேண்டும், போர்டு வேண்டும், ரிங் வேண்டும். அதனால் அது டவுன் பள்ளிகளின் ஆட்டமாகவே இருந்தது. கிராமத்திலிருந்து பஸ்ஸில் படிக்க வருகிற பையன்களில் உயரமானவனைப் பார்த்தால் நாங்கள் பிடித்து வைத்துக்கொள்வோம். சாயங்காலப் பயிற்சி எப்போது முடியும் என்பதை டவுன் பஸ்தான் தீர்மானிக்கும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நரிக்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் பாதி டீம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

அப்படிப் பஸ்ஸில் வந்தவன்தான் அவன். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா கரிமூட்டத்தில் கூலி. அம்மா விடியக் கருக்கலில் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போவார், பகலில் கிடைத்த வேலை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோதே வகுப்பாசிரியரை விட உயரம். பிளஸ் ஒன்னில் ஆறடி மூன்று அங்குலம் வந்துவிட்டான். ஆறடிக்கு மேல் ஒரு பையன் கையில் கிடைத்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிடும். எனக்கும் பிசகியது.

ஆட்டம்? உள்ளதைச் சொல்கிறேன். ரீபவுண்ட் எடுப்பான். ரிங்குக்கு அடியில் பந்து கொடுத்தால் போட்டுவிடுவான். இடது கை வராது. வேகம் சுமார். குடியரசு தினப் போட்டிகளில் மாவட்டம் வரை எங்களை அவன் உயரமே கொண்டுபோனது. அதற்கு மேல் போனபோது நாமக்கல், கோவைப் பக்கத்துப் பையன்கள் அவனைச் சுற்றி ஓடிவிட்டார்கள். அவன் ஒரு சாதாரணமான, நல்ல பள்ளிக்கூட ஆட்டக்காரன். இதை அன்றே நான் அறிந்திருந்தேன்.

2015 ஜூன் கடைசியில் பேப்பரில் ஒரு படம் வந்தது. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்து விவசாயி மகன், ஏழடி இரண்டு அங்குலம், சத்னம் சிங். அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வில் 52ஆவது ஆளாக டல்லாஸ் அணி அவனை எடுத்திருந்தது. அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியன். நான் அந்தச் செய்தியை வெட்டிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பக்கத்தில் நம் பையனை நிற்க வைத்துப் படமும் எடுத்தேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றான்.

அதன்பின் சத்னமைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். லூதியானா அகாடமியில் டாக்டர் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்தவன். 14 வயதில் உதவித்தொகையில் அமெரிக்கா போனவன். ஃபுளோரிடாவில் ஐஎம்ஜி அகாடமி என்ற விளையாட்டுப் பள்ளியில் படித்தவன். பள்ளி முடிந்த பிறகும் கல்லூரிக்குப் போகாமல் இன்னொரு வருடம் அங்கேயே இருந்து ஆடியிருக்கிறான். அந்த வருடத்துக்கு அங்கே போஸ்ட் கிராஜுவேட் வருடம் என்று பெயர். எம்.ஏ., எம்.எஸ்ஸி. சமாச்சாரம் அல்ல. பிளஸ் டூ முடித்தவன் இன்னொரு வருடம் பள்ளிக்கூடத்திலேயே தங்கி, உடம்பை ஏற்றி, ஆட்டத்தைக் கூர்தீட்டி, கல்லூரிப் பயிற்சியாளர்கள் கண்ணில் படுகிற ஏற்பாடு.

ஒரு வருடம் காத்திருந்தால் கதவு திறக்கும் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். காத்திருக்கிறவனுக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்று பார்க்கவில்லை.

2016 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. பையன் பாஸ். 1200க்கு அறுநூறைத் தொடவில்லை. அந்த மார்க்குக்கு அருப்புக்கோட்டையிலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கும். தமிழாசிரியர் ஒருவர் விண்ணப்பப் படிவமே வாங்கி வந்துவிட்டார். நான்தான், “பொறுங்க சார், இவனுக்கு வேற ஏற்பாடு இருக்கு” என்று அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டேன்.

அந்த வேற ஏற்பாடு என்னவென்றால், அதே மே மாதம் பெரியகுளத்தில் நடந்த அகில இந்தியப் போட்டிக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். பாஸ்கெட்பால் பித்துப் பிடித்த தெற்கத்தி வாத்தியார்கள் எல்லோரும் மே மாதம் ஒருமுறையாவது பெரியகுளம் போய்விடுவோம். ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., ராணுவம், கேரள மின்வாரியம் என்று பெரிய டீம்களை மின்விளக்கில் பார்க்கலாம். அங்கே சென்னைக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளரை டீக்கடையில் பிடித்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பீஸ் இல்லாமல், ஹாஸ்டலும் சாப்பாடும் கொடுத்து ஆள் எடுக்கிற கல்லூரி அது. பையனின் போட்டோவைக் காட்டினேன். அவர் உயரத்தைக் கேட்டார், வயதைக் கேட்டார், ஸ்டேட் ஆடியிருக்கிறானா என்று கேட்டார். பிறகு சொன்னது இவ்வளவுதான்: “இந்த வருசம் முடிஞ்சுபோச்சு சார். நல்லா ரெடி பண்ணி அடுத்த வருசம் டிரையல்ஸுக்குக் கூட்டிட்டு வாங்க.” யாரிடமும் சொல்கிற பதில். நானே எத்தனையோ பெற்றோர்களிடம் அதே தொனியில் பேசியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்துச் சோடா வாங்கிவரச் சொன்னார்கள். “சென்னையில பேசியாச்சும்மா. அடுத்த வருசம் சீட்டு உறுதி. காலேஜ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே ஃப்ரீ. படிச்சு முடிச்சா பேங்க்ல, ரயில்வேல வேலை. ஒரு வருசம் மட்டும் பையனை என்கிட்ட விடுங்க” என்றேன்.

முதல் பொய் அது.

அவன் அப்பா வாய் பேசாதவர். அம்மாதான் கேட்டார்: “ஒரு வருசம் சும்மா இருக்கணுமா சார்? உள்ளூர்க் காலேஜ்ல சேந்துக்கிட்டே ஆட முடியாதா?” அந்தக் கேள்விக்கு விடை அன்றைக்கும் என்னிடம் இருந்தது. முடியும். உள்ளூர்க் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கல்லூரிகளுக்கிடையே ஆடலாம், நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம், அதில் தேறினால் தென் மண்டலப் போட்டி. அந்தச் சர்டிபிகேட்டுக்கு அரசு வேலையில் மதிப்பு உண்டு. எல்லாம் தெரிந்தும் நான் சொன்னது: “உள்ளூர்ல சேந்தா அவன் உள்ளூரோட நின்னுபோவான்மா.”

உண்மையில் உள்ளூரோடு நின்றுபோனவன் நான். என் கையிலிருந்து ஒரு பையன் சென்னைக்குப் போக வேண்டும், மாவட்டக் கூட்டங்களில் மற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் அதைப் பேச வேண்டும். ராஜபாளையத்திலும் விருதுநகரிலும் அப்படிப் பேர் வாங்கியவர்கள் இருந்தார்கள். பி.ஏ. வரலாறு என்று சேர்த்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

“நீங்க சொன்னாச் சரி சார்” என்றார் அந்த அம்மா.

ஜூன் வந்தது. பள்ளி திறந்தது. அவன் கூடப் படித்தவர்கள் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் மில்லுக்கும் போனார்கள். இவன் மட்டும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து எங்கள் கோர்ட்டில் நின்றான். அப்போதுதான் நான் போட்டிருந்த கணக்கின் ஓட்டை தெரிய ஆரம்பித்தது. அவன் எந்தப் போட்டியில் ஆடுவான்? பள்ளிப் போட்டிகளில் ஆடப் பள்ளியில் படிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவனுக்கு இடமில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்கு 17 முதல் 25 வயது வரை இருந்தால் போதும், ஆனால் ஏதாவதொரு கல்லூரியின் மாணவனாக இருக்க வேண்டும். சங்கம் நடத்துகிற ஜூனியர் போட்டிக்கு 18 வயது வரம்பு, அவன் அதைத் தாண்டிக்கொண்டிருந்தான். மிச்சம் இருப்பது சீனியர். அதில் போலீஸ்காரர்களும் பேங்க் ஆட்களும் ஆடுவார்கள். அரசு விளையாட்டு விடுதியும் பள்ளி மாணவனுக்கு ஒன்று, கல்லூரி மாணவனுக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவனுக்குக் கட்டில் கிடையாது.

அமெரிக்காவில் அந்த நடுவருடத்துக்கென்றே ஓர் உலகம் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் புரூஸ்டர் அகாடமி, மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்ட் மவுண்ட் ஹெர்மன், வர்ஜீனியாவில் ஹார்கிரேவ், ஃபோர்க் யூனியன் என்ற ராணுவப் பள்ளிகள். பள்ளி முடித்த பையனை இன்னொரு வருடம் விடுதியில் வைத்து, வகுப்பும் நடத்தி, தம்மைப் போன்ற பள்ளிகளோடு ஆட விடுகிறார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பும் பாஸ்கெட்பாலில் பள்ளி முடித்தபின் ஒரு வருடம் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் வெளியில் போட்டிகளில் ஆடினால்தான் கல்லூரியில் ஆடுகிற காலத்திலிருந்து கழிப்பார்கள். ஆக, அங்கே அந்த வருடத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, போட்டி உண்டு, சாப்பாட்டு மணி உண்டு.

அங்கேயும் எல்லாம் தர்மத்துக்கு நடப்பதில்லை. இப்படிப்பட்ட பள்ளிகளில் விடுதிக் கட்டணம் வருடத்துக்குப் பல பத்தாயிரம் டாலர். உதவித்தொகை கிடைத்தவன் தப்பினான். மார்க் பள்ளத்தை அந்த ஒரு வருடத்தில் நிரப்பிவிடலாம் என்பதும் இப்போது பெரும்பாலும் நடக்காது. என்சிஏஏவின் முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆட 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். அவற்றில் பத்தைக் கடைசி வருடம் தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பள்ளி முடிந்த பிறகு படிப்பதில் ஒரே ஒரு பாடத்தைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு சிக்கல். ஆட்டக்காரன் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி உடனே ஆடலாம் என்று 2021இல் விதி வந்ததும், பயிற்சியாளர்கள் 22 வயது முறுக்கேறிய ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து வருகிற 18 வயதுப் பையனுக்கு இடம் குறைந்தது. அதனாலேயே இன்னொரு வருடம் நிற்கிறவர்களும் உண்டு.

நான் கொண்டாடிய சத்னம் விஷயமும் நான் நினைத்த மாதிரி இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறி, கல்லூரிக்கு வேண்டிய படிப்புத் தகுதி வராததால்தான் அவன் அந்த வழியில் போனான். என்பிஏ தேர்வுக்கு நிற்க வேண்டுமானால் வயது 19 ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடிந்து ஒரு வருடமும் கடந்திருக்க வேண்டும். இதே வாசல் வழியாகப் பின்னாளில் ஆன்ஃபர்னி சைமன்ஸ் என்ற பையன் ஐஎம்ஜியில் ஒரு வருடம் கூடுதலாக நின்று 2018இல் 24ஆவது ஆளாகப் போனான், பெரிய ஆட்டக்காரனாகவும் ஆனான். சத்னம் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கீழ்நிலை லீக்கில் ஆடினான், ஊர் திரும்பினான், ஊக்கமருந்து வழக்கில் தடை வாங்கினான், இப்போது மல்யுத்தக் காட்சிகளில் வருகிறான். அறிவிப்புப் பலகையில் அந்தப் பின்பகுதியை ஒட்ட எனக்குக் கை வரவில்லை.

இங்கே எங்கள் கோர்ட்டில் என்ன நடந்தது? பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம் நான் நிற்பேன். பிறகு அசெம்பிளி, வகுப்பு, வட்டார விளையாட்டுப் போட்டி ஏற்பாடு, ஆபீஸ் வேலை. அவன் தனியாக ரிங்கில் எறிந்துகொண்டிருப்பான். சாயங்காலம் ஸ்கூல் டீமோடு ஆடுவான். அவன் தோளுக்குக்கூட வராத எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு மேலே கையை நீட்டிப் பந்தைப் போடுவதில் அவனுக்கு எந்த முன்னேற்றமும் வரவில்லை. இருந்த வேகமும் குறைந்தது.

இன்னொன்றும் செய்தேன். இதைத்தான் எழுதக் கூசுகிறது. அவன் சும்மா இருக்கிறானே என்று வேலை வாங்க ஆரம்பித்தேன். கோர்ட்டைக் கூட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு வார்ம்-அப் கொடுப்பது. விளையாட்டு விழா வந்தபோது பந்தல்காரரோடு கம்பு பிடித்து நின்றான். சம்பளம் கிடையாது. மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் சொல்லிச் சோறு வாங்கிக் கொடுத்தேன், அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். எனக்கு ஓர் உதவியாள் கிடைத்துவிட்டான். அந்த வருடத்தில் உருப்படியாகப் பலன் பார்த்தவன் நான் மட்டுமே.

வானமும் அந்த வருடம் பார்த்துத்தான் பொய்த்தது. 2016 வடகிழக்குப் பருவமழை நூறாண்டுக்கு மேல் காணாத மோசம். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். கரி வியாபாரி கூலிக்குப் பழைய நோட்டைக் கொடுத்தார், அதை வாங்கினாலும் பிரச்சினை, வாங்காவிட்டால் பட்டினி. அந்த வீட்டில் இன்னொரு கைக்கு வேலை செய்யத் தெம்பு இருந்தது. ஆறடி மூன்று அங்குலத்துக் கை. அது என் கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

உடம்பு ஏறவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். தினம் நாலு முட்டை சாப்பிடு, பால் குடி, கடலை ஊறவைத்துத் தின்னு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை எந்தக் காசில் நடத்துவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஷூ கிழிந்தபோது நான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து ஸ்டாப் ரூமில் பெருமையாகச் சொன்னேன். அடுத்த ஜோடிக்கும் ஒரு டப்பா புரோட்டீன் பவுடருக்கும் அவன் அம்மா கம்மலை அடகு வைத்தது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. சிமெண்டுத் தளத்தில் குதித்துக் குதித்து முழங்காலில் வலி வந்தது. தைலம் தடவச் சொன்னேன்.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த ஜனவரியில் நண்பர்களோடு மதுரை தமுக்கத்துக்குப் போய் வந்தான். ஊரே அதைப் பற்றிப் பேசிய நேரம். அங்கே என்னடா பார்த்தாய் என்று கேட்டேன். “எல்லாரும் காலேஜ் ஐடி கார்டு போட்டிருந்தாங்க சார். நீ எந்தக் காலேஜுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றான். நான் பேச்சை மாற்றி லே-அப் போடச் சொன்னேன்.

2017 மே மாதம் டிரையல்ஸுக்குச் சென்னை போனோம். கல்லூரி மைதானத்தில் அவனைப் போலவும் அவனை விடவும் உயரமாக ஒரு கூட்டமே நின்றது. பாதிப்பேர் தமிழ்நாட்டு டீ-ஷர்ட் போட்டவர்கள், ஜூனியர் நேஷனல் ஆடியவர்கள். பெரியகுளத்தில் பேசிய பயிற்சியாளருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் நினைவுபடுத்தினேன். தலையாட்டினார். பிறகு பையனைக் கூப்பிட்டு முதல் கேள்வியாக, “கடைசியா என்ன டோர்னமெண்ட் ஆடின?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் ஆட விட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற பையன் இவனைப் போஸ்டில் முதுகால் நெட்டித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வருடமாக இவன் மேல் ஒருத்தரும் இடித்ததில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படி இடிப்பார்கள்? முடிவில் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஹைட் இருக்கு சார், மேட்ச் ஆடின உடம்பு இல்லை. ஒரு வருசம் எங்க இருந்தான்? ஏதாவது காலேஜ்ல சேத்துவிட்டிருக்கலாமே” என்றார். நியாயமான மனுஷன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதற்கு மறுநாள் இன்னொரு கல்லூரி. அங்கேயும் இல்லை.

ரயிலில் திரும்பும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசிக்கொண்டே வந்தேன். விருதுநகர் வருவதற்குள் இரண்டாவது பொய்யைத் தயார் செய்துவிட்டேன். அவன் வீட்டில் போய், “எல்லாம் பாலிடிக்ஸ்மா. ரெக்கமண்டேசன் இருந்தாத்தான் எடுக்கிறான். நம்ம பக்கத்து ஆளுன்னா மெட்ராஸ்காரனுக்கு இளப்பம்” என்றேன். அந்த அம்மா அதை நம்பினார். நம்பியது மட்டுமல்ல, எனக்கு ஆறுதல் சொன்னார்: “விடுங்க சார், நீங்க என்ன செய்வீக.” அவன் அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். “அந்த வருசம் அவன் என்கூட மூட்டத்துக்கு வந்திருந்தா வட்டிக் கடன் ஏறியிருக்காது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார்.

பையனுக்கு மட்டும் உண்மை தெரியும். பயிற்சியாளர் என்னிடம் பேசியது அவன் காதில் விழுகிற தூரத்தில்தான். வீட்டில் நான் பாலிடிக்ஸ் என்று சொன்னபோது வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனமில்லை. பதினெட்டு வயதுப் பையன் எனக்குக் காட்டிய மரியாதையை நான் அவனுக்குக் காட்டவில்லை.

அந்த ஜூனில்கூட உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்திருக்கலாம். தமிழாசிரியர் கொடுத்த படிவம் டிராயரில் பழுத்துக் கிடந்தது, புதிதாக ஒன்று வாங்க எவ்வளவு நேரம்? நான் போகவில்லை. தோற்ற பையனைக் கைப்பிடித்துக்கொண்டு, போன வருடம் வேண்டாம் என்று சொன்ன அதே வாசலில் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அவன் வீட்டில் கடன் கழுத்தை நெரித்தது. திருப்பூருக்குப் போய்விட்டான். முதலில் செக்கிங், இப்போது பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். வரிசையாக நிற்கிற மேஜைகளில் குனிந்து குனிந்து வேலை பார்ப்பதால் முதுகுவலி என்று கேள்வி.

எங்கள் தொழிலில் வயதைத் திருத்துகிற ஆசாமிகள் உண்டு. பதினெட்டைப் பதினாறு என்று சர்டிபிகேட் வாங்கி அண்டர்-16இல் இறக்கிவிடுவார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிற சோதனை வந்த பிறகும் ஆங்காங்கே நடக்கிறது. வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் அதைச் செய்ததில்லை. அந்த வாத்தியார்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். இப்போது யோசித்தால், அவர்கள் தாளில் இரண்டு வருடத்தைத் திருடினார்கள், நான் நிஜமாகவே ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவர்களைப் பிடிக்க எக்ஸ்ரே இருக்கிறது. என்னைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற அன்றைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்த விழாவில் பேசிய ஒருவர், கிராமத்துப் பிள்ளைகளைச் சென்னை வரை கொண்டுபோனவர் என்று என்னைப் புகழ்ந்தார். ஒருவகையில் உண்மை. கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். எழுந்து மறுத்திருக்க வேண்டும். மாலை கழுத்தில் இருந்தது, உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வழிகள் கூடியிருக்கின்றன என்கிறார்கள். சத்னம் தேர்வான இரண்டு வருடத்தில், 2017 மே மாதம், நாங்கள் சென்னையில் அலைந்த அதே மாதம், டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் என்பிஏ ஒரு அகாடமி திறந்தது. அங்கிருந்து அமான் சந்து என்ற பையன் அமெரிக்கப் பள்ளி ஒன்றுக்குப் போய், பிறகு நியூ ஜெர்சியின் மான்மத் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தான். பிரின்ஸ்பால் சிங் கல்லூரியையே தாண்டி என்பிஏவின் வளர்ப்பு அணிக்குப் போனான். சந்தோஷம். ஆனால் அவர்களையெல்லாம் பதினாலு, பதினைந்து வயதில் கண்டுபிடித்துச் சோறும் கோச்சும் ஆட்டமும் கொடுத்து வளர்த்தார்கள். திருச்சுழிப் பையனைப் பதினெட்டு வயதில் தனியாக ஒரு கோர்ட்டில் நிறுத்திவிட்டு அதே கதையை எதிர்பார்த்தது என் மடத்தனம். மடத்தனத்தையாவது மன்னிக்கலாம். உறுதி என்று சொன்னேனே, அதற்கு வேறு பெயர்.

சில மாதம் முன்பு அவன் ஊருக்குப் போய் அந்த அம்மாவிடம் இரண்டு பொய்யையும் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பவே சொல்லியிருந்தா அந்த ஜூன்லயே இங்க சேத்திருப்போமே சார்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, சோடாவும் வாங்கிவரச் சொல்லவில்லை. அது சரிதான். பையனிடம் போனில் சொல்லப் பார்த்தேன். “தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கம் உயரமான பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் எங்களைப் போன்ற ஒருவர் வந்து, ஒரு வருசம் பையனை நிறுத்தி வையுங்கள், சீட்டு உறுதி என்பார். எந்தக் கல்லூரி என்று கேளுங்கள். அந்தக் கல்லூரிப் பயிற்சியாளரின் நம்பரை வாங்கி, வந்தவர் முன்னாலேயே போன் போடுங்கள். அந்த வருடத்தில் பிள்ளை எந்த டீமில், எந்தப் போட்டியில் ஆடுவான், சாப்பாட்டுச் செலவு யாருடையது என்று கேளுங்கள். பதிலில் ஒன்று இடறினாலும், அன்றைக்கே பஸ் ஏறிப்போய் உள்ளூர்க் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கிவிடுங்கள். வாத்தியார் மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள்.